மதகுக்கு அங்கால்

பிரதீஸின் ஆட்டோவுக்குள் கோழி முட்டையிடத் தொடங்கியது கார்த்திகை மாதத்து முதல் மழையோடுதான். வேலியோரத்துப் பூவரசின் கீழே நீலப் படங்கு போர்த்துக் கிடந்த அந்த வாகனத்தின் பின்சீற்றை, வளவில் திரிந்த சிவப்புக் கோழி தனக்கென்று எடுத்துக்கொண்டது. துரத்த அவனுக்கு மனம் வரவில்லை. யாராவது ஏறுகிறார்களே என்று விட்டுவிட்டான். காலையில் முட்டையைச் சூட்டோடு எடுத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்பான்.

"இண்டைக்கும் ஒரு ஹயர் கிடைச்சிருக்கு புள்ள."

அவன் பெண்சாதி அஜந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் காதில் மாட்டியிருக்கும் கருவிக்குள் எவராவது ஆட்டோ கேட்டுக்கொண்டிருப்பார். சிரிப்புச் சத்தம் அங்கே போனால் மரியாதையில்லை. அதற்காகச் சிரிக்காமல் விடவும் முடியாது. சிரிக்காவிட்டால் அவன் அடுத்ததாகக் கட்டார்ப் பேச்சை எடுப்பான். அந்தப் பேச்சு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்பதுதான் அவள் அம்மனுக்கு வைத்திருந்த ஒரே நேர்த்தி.

கல்யாணம் முடித்த கையோடு கட்டாருக்குப் போனவன் பிரதீஸ். மகள் பிறந்ததைப் போனில்தான் பார்த்தான். திரும்பி வந்தபோது பிள்ளை அவனைக் கண்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த மாமா எப்பம்மா அவங்கட வீட்ட போவார்?" என்று கேட்டது. சித்தாண்டியில் எருமை மேய்த்து, எருமையோடு எருமையாய் மழையில் நின்ற மனுசன், அதைக் கேட்டுவிட்டுக் கிணற்றடியில் போய்க் குந்தியிருந்து அழுதான். இனி இந்த மண்ணை விட்டுப் போவதில்லை என்று புருசனும் பெண்சாதியும் அன்றைக்குச் சொல்லிக்கொண்டார்கள். கொண்டு வந்த காசில் ஆட்டோ எடுத்தார்கள். பிள்ளையும் மெல்ல மெல்ல அலுமாரியை விட்டு வெளியே வந்து, இப்போது அவன் தோளில்தான் குடியிருக்கிறது.

அந்த ஆட்டோ ஓடாமல் கிடப்பதற்கு எஞ்சினில் கோளாறு ஒன்றுமில்லை. கோளாறு ஊரில் இருந்தது. அதில் பாதி அஜந்தாவே செய்தது.

பனிச்சந்துறை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கிடக்கிற ஊர். ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கமெல்லாம் வட்டை என்கிற வயல்வெளி. பாலத்தால் வருகிற தார் ரோட்டு, வயலை வெட்டிக்கொண்டு வந்து ஒரு மதகைக் கடந்து ஊருக்குள் நுழையும். சந்தியைத் தாண்டிக் கோயிலின் தோரண வளைவோடு ஊர் முடிந்துவிடும். சந்தியில் நிற்கும் வாகை மரத்தின் கீழேதான் ஆட்டோ ஸ்டாண்ட். வந்த வரிசைப்படி முறை; முறைப்படி ஹயர் என்கிற சவாரி. முறை தப்பி ஒருவன் ஆள் ஏற்றினால் அவனோடு யாரும் தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள். வெளியூர் ஆட்டோ ஆளைக் கொண்டுவந்து இறக்கலாம், ஏற்றக்கூடாது. இதெல்லாம் எழுதிவைத்த சட்டமில்லை, அதனால்தான் ஒருவராலும் மாற்ற முடியவில்லை.

ஸ்டாண்டுக்குத் தலைவர் அஜந்தாவின் தமையன் நல்லரத்தினம். மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டும். வேற்றூரிலிருந்து வந்து குடியேறிய பிரதீஸுக்கு வாகை மர நிழலில் இடம் கிடைத்தது நல்லரத்தினத்தின் தங்கச்சி புருசன் என்பதால். அந்த இடம் போனதும் அவளாலேதான்.

காத்தான்குடிப் பஹ்மி, போனில் கூப்பிட்டால் ஆட்டோ அனுப்பும் சேவை ஒன்றை 'ஓடம்' என்று பெயர் வைத்துத் தொடங்கியிருந்தார். டவுனில் போன் செயலியிலேயே அது பிய்த்துக்கொண்டு ஓடியது. படுவான்கரையில் தட்டுத் தடுமாறியது. வீட்டு வாசல் தேடி வரும் ஆட்டோ மணல் ஒழுங்கைக்குள் இறங்கும். ஒழுங்கைக்குள் இன்னோர் ஒழுங்கை. அதன் முடிவில் யாரோ ஒருவருடைய மாட்டுப் பட்டி. மழையென்றால் சில்லுப் புதையும். இங்கே ஆள் குடையோடு நின்று பேசுவார், அங்கே சாரதி சேற்றில் நின்று பேசுவார், நடுவில் வீட்டிலிருந்து போன் எடுக்கும் அஜந்தா இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அவள்தான் பஹ்மியிடம் சொன்னாள். ஆட்களைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுவோம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த, நிழலுள்ள, பெண்கள் தனியே நின்றாலும் பயமில்லாத இடங்களாகப் பார்த்து வைத்துக்கொள்வோம். மில்லடி, வாசிகசாலையடி, மதகடி. கூப்பிடுகிறவருக்கு எது கிட்டவோ அங்கே போய் நிற்கச் சொன்னால், ஆளும் ஆட்டோவும் ஒன்றாய் வந்து சேரும். செய்து பார்த்தார்கள். கிரான் பக்கத்து ஊர்களிலும் அதையே செய்தார்கள். ஆட்கள் நின்று காயும் நேரம் பாதியாகக் குறைந்தது. "தங்கச்சிட மூளையத்தான் கம்ப்யூட்டருக்குள்ள வைக்கணும்" என்று பஹ்மி சொன்னார். அஜந்தா அன்றைக்கு இறால் வாங்கிப் பொரித்தாள்.

அவள் விட்ட பிழை, கோயில் வளைவையும் ஓர் இடமாக வைத்ததுதான். வளைவு ஸ்டாண்டின் கண்ணுக்கு நேரே இருந்தது. வேறு ஆள் என்றால் வெற்றிலைத் தட்டோடு போய் ஸ்டாண்டைக் கேட்டிருப்பார். எங்கட அண்ணன்தானே, அவரிடம் என்ன வெற்றிலை என்று இவள் நினைத்துவிட்டாள். முதல் நாளே ஷாமில் என்ற ஏறாவூர்ப் பெடியனின் ஆட்டோ வளைவடியில் ஒரு டீச்சரை ஏற்றியது. ஸ்டாண்டில் நின்ற தனோஜன் என்பவன் ஓடிப்போய் முன்கண்ணாடியை உடைத்தான். அதன்பிறகு பஹ்மியே வெற்றிலைத் தட்டோடு வரவேண்டியதாயிற்று. கோயில் வாசலில் வைத்துப் பேசி, வெற்றிலையில் கை வைத்து மூன்று விஷயம் முடிவாயிற்று. மதகுக்கும் வளைவுக்கும் இடையில் ஓடம் ஆள் ஏற்றாது. ஸ்டாண்டில் நின்றவனை ஓடம் சாரதியாக எடுக்காது. ஓடத்தில் பெண்சாதியை வைத்திருக்கிற பிரதீஸுக்கு இப்போதைக்கு ஸ்டாண்டில் முறை இல்லை.

இப்போதைக்கு என்றார்கள். நெல் விதைத்து, முளைத்து, களை பிடுங்கும் காலமும் வந்துவிட்டது. ஸ்டாண்டும் இல்லை, ஓடமும் இல்லை. வேறு ஊருக்குப் போய் ஓடலாமென்றால் சந்திக்குச் சந்தி ஒரு மரம், மரத்துக்குக் கீழே ஒரு முறை.

பொறுத்துப் பார்த்த அஜந்தா, ஒரு ஞாயிற்றுக்கிழமை கெளுத்தி மீன் ஆணம் வைத்துக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போனாள். நல்லரத்தினம் முற்றத்தில் ஆட்டோவின் பின்சில்லைக் கழற்றிப் போட்டுவிட்டு, நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி யசோதினி கறிச்சட்டியை வாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"புளி போட்டுத்தான் வச்சிருக்கா. எனக்கு முட்டு எண்டு தெரிஞ்சும் புளி."

"உங்களுக்கு இல்ல மச்சாள், அண்ணனுக்கு."

"ஓம், தங்கச்சி வந்தா எனக்குப் பட்டினிதான்" என்று சொல்லிச் சிரித்தாள் யசோதினி. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மாரி தொடங்கினால் முட்டு வருத்தத்தில் அவளுக்கு மூச்சு அப்படித்தான் இழுக்கும்.

அஜந்தா தமையனுக்கு முன்னால் குந்தினாள்.

"அண்ணன், ஒண்டு கேக்க வந்தன்."

"கேளன்."

"இவர இன்னும் எவ்வளவு காலத்துக்கு வெளியில வச்சிருக்கப் போறீங்க?"

"நானா வச்சிருக்கன்? ஸ்டாண்டுதான்கா வச்சிருக்கு."

"ஸ்டாண்டுக்குத் தலைவர் ஆரு?"

"தலைவர் எண்டா என்னகா? மழை பெஞ்சா மரத்துல படங்கு கட்டுறவன். சண்ட வந்தா நடுவுல நிண்டு அடி வாங்கிறவன். நான் சொன்னா அவனுகள் கேப்பானுகள் எண்டு நீ நினைக்கிற. நான் சொல்லாம இருக்கிறதாலதான் கேக்கிறானுகள்."

"அவருக்குக் கட்டாருக்குப் போற யோசினை அண்ணன். இன்னும் வாய் திறந்து சொல்லல்ல. முட்டையக் கொண்டுவந்து காட்டிக் கூத்தடிக்கிறார். எனக்குத் தெரியும், உள்ளுக்க அதுதான் ஓடுது."

நல்லரத்தினம் ஒரு நட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேவைக்கு மேல் பார்த்தார்.

"நான் இந்த வேலைய விட்டா எடுப்பீங்களா?"

"வேலைய விடு எண்டு நான் சொல்லமாட்டன் தங்கச்சி" என்றார் அவர் சட்டென்று. "அவனுகள் சொல்றானுகள்தான். தனோஜன் ஒவ்வொரு நாளும் சொல்றான். என்ட வாயால அது ஒரு நாளும் வராது."

அஜந்தாவுக்குக் கண் கலங்கியது. தகப்பன் இல்லாத வீட்டில் தன்னை ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்த அண்ணன். படித்த படிப்புக்குக் கிடைத்த வேலையை விடச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறு. தைப்பொங்கல் முடியட்டும். வெள்ளாமையும் வெட்டுக்கு வந்திரும், ஹயரும் கூடும், அவனுகளுக்கும் வயிறு குளிரும். அப்ப மெல்லமாக் கதைச்சி உள்ள எடுக்கிறன். பிரதீஸிட்டச் சொல்லு, பொங்கலுக்கு ஆட்டோவக் கழுவி வைக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்து சொன்னாள். பிரதீஸ் போய்ப் படங்கைத் தூக்கி, டயருக்குக் காற்று இருக்கிறதா என்று அமத்திப் பார்த்தான். அன்றைக்கு அவன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

மார்கழியில் வானம் கிழிந்தது. வாவி பெருத்து, துறையடியில் கட்டியிருந்த தோணிகள் வேலி உயரத்துக்கு வந்து நின்றன. வட்டைக்குள் போகும் பாதைகள் தண்ணீருக்குள் போயின. அஜந்தாவின் மேசையில் போன் ஓயவில்லை. ஆட்கள் மதகடிக்கு நடந்தார்கள், முழங்கால் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. வாசலுக்கு வராதா என்று கேட்டவர்களுக்கு வராது என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வந்த ஓர் அழைப்பில் முதலில் மழைதான் கேட்டது.

"வணக்கம், ஓடம். எங்க நிக்கிறீங்க?"

"தங்கச்சி, நான்தான்."

ஓடத்தின் இலக்கத்துக்கு நல்லரத்தினம் அதற்கு முன் ஒருநாளும் போன் எடுத்ததில்லை.

"யசோக்கு முட்டு. பம்ப் அடிச்சும் நிக்குதில்ல. உதடு நீலமாப் போச்சு. என்ட ஆட்டோ வட்டைப் பாதையில தண்ணிக்குள்ள நிண்டிட்டு. ஸ்டாண்டில ஒரு குருவி இல்லகா, எல்லாரும் பள்ளிக்கூடப் புள்ளையள ஏத்தப் போயிட்டானுகள். அம்புலன்ஸுக்கு எடுத்தன், பாலத்தடி தண்ணி, சுத்தித்தான் வரணுமாம். உன்ட ஆக்கள் ஆராவது கிட்ட நிக்கிறானா பார்."

திரையில் ஒரு புள்ளி நின்றது. மதகுக்கு அங்கால், ஷாமில். அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, மதகத் தாண்டி உள்ள வாங்க. தலைவர்ட வீடு. அவர்தான் கூப்பிடுறார்."

"அக்கா, கோவிக்காதீங்க. கண்ணாடி உடைஞ்சது என்ட ஆட்டோலதான். வெத்திலைல கை வெச்சது எங்கட பஹ்மி நானா. தலைவர் ஊட்டுல இரிக்கிறார், ரோட்டுல நிக்கிறது தனோஜன் எண்டா நான் என்ன செய்ய? ஆளக் கொண்டு வரச் செல்லுங்க, நான் எஞ்சினப் போட்டுட்டு நிக்கிறன்."

தமையனுக்குச் சொன்னாள். "தூக்கிக்கொண்டு வாறன்" என்றார் அவர். வீட்டிலிருந்து மதகு எவ்வளவு தூரம் என்று ஆட்களுக்குச் சொல்லுவதுதான் அவள் தொழில். சுகதேகிக்கே அந்தத் தண்ணீரில் அது நடக்கிற தூரமில்லை.

காதுக்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு யன்னலால் கத்தினாள்.

"இஞ்சாருங்க! யசோ மச்சாளுக்கு முட்டு! அண்ணன் தூக்கிக்கொண்டு வாறாராம்!"

பிரதீஸ் பூவரசடிக்கு ஓடினான். படங்கை இழுத்தெறிந்தான். கோழி கத்திக்கொண்டு பறந்தது. இத்தனை நாள் கிடந்த எஞ்சின் இருமி, நின்று, திரும்ப இருமி, ஸ்டார்ட் வந்தது. சேறு தெறிக்க ஒழுங்கையால் போன ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு அஜந்தா மழைக்குள்ளேயே நின்றாள். பிறகு வந்து கருவியை மாட்டிக்கொண்டாள். அதற்குள் வேறு யாரோ காத்திருந்தார்கள்.

யசோதினியை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோவை, தண்ணீர் பாய்ந்த பாலத்தடியில் ஆட்கள் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். யசோதினி பிழைத்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியில் வாயிலும் மூக்கிலும் குழாயை வைத்து, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் போனாராம் டொக்டர். வாட்டுக்கு வெளியே நல்லரத்தினம் பிரதீஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நடமாடுகிற சனத்துக்கு முன்னால் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதாராம். இதைச் சொல்லும்போது பிரதீஸின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அஜந்தா பல காலத்துக்குப் பிறகு பார்த்தாள்.

மழை விட்டதும் அவன் ஆட்டோவைக் கழுவினான். சீற்றில் ஒட்டியிருந்த கோழிச் சாணத்தைச் சுரண்டி, சவர்க்காரம் போட்டு, வெயிலில் காயவைத்தான். கண்ணூறு படாமல் முன்னால் தேசிக்காய் கட்டினான். மகளை ஏற்றி வளவுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினான். யசோதினி வீட்டுக்கு வந்த அடுத்த நாள் காலையில், புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, ஆட்டோவைக் கொண்டுபோய் வாகை மரத்தின் கீழே கடைசியாளாக நிறுத்தினான்.

அஜந்தா அடுப்பிலிருந்து பாலை இறக்கவில்லை, ஆட்டோ திரும்பி வந்துவிட்டது. பின்னாலேயே நல்லரத்தினம் நடந்து வந்தார். வேட்டி மடிப்பு அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் வந்தார்.

"என்ன அண்ணன்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. பிரதீஸைப் பார்த்துத்தான் பேசினார்.

"மச்சான், அவனுகளுக்கு முன்னால வச்சிக் கதைக்க ஏலாமத்தான் வந்தன். நீ எடுத்துக்கொண்டு வந்தது பிழை எண்டு நான் சொல்லல்ல. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"பொங்கலுக்கு எடுக்கிறன் எண்டு சொன்னீங்கதானே. பொங்கலுக்கு என்ன கிடக்கு இன்னும்."

"சொன்னன். அதுக்குப் பிறகு நீ யசோவ ஏத்தினாய்."

"அதுக்கு?"

"அதுதான்டா பிரச்சின. நீ அவள ஏத்தாம விட்டிருந்தா பொங்கலோட உன்ன எடுத்திருப்பன். இப்ப எப்பிடி எடுக்கிற? பொண்டாட்டியக் காப்பாத்தினதுக்குக் கைமாறா ஸ்டாண்டத் திறந்து விட்டுட்டான் எண்டு சொல்லமாட்டானுகளா? நேத்தே தனோஜன் கேட்டுட்டான், 'என்ட மாமிக்கும் நெஞ்சு நோவுதான் அண்ணன், என்ட மச்சினனையும் எடுப்பீங்களா' எண்டு. அவனுக்கு நான் என்ன சொல்ல? ஒருத்தன உள்ள விட்டா வரிசையில நிப்பானுகள், ஒவ்வொருத்தனும் ஒரு நியாயத்தோட."

பிரதீஸ் திரும்பித் தேசிக்காயைப் பார்த்தான்.

"அப்ப நான் ஏத்தியிருக்கக் கூடாதா மச்சான்?"

"அம்மாளாச்சி! அப்பிடிச் சொல்லாதடா. நான் செத்தாலும் அத மறக்கமாட்டன்."

"நீங்க மறக்காம இருந்து நான் என்ன செய்யிற?"

அஜந்தாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இறக்கிய கையோடு கொண்டுவந்த பால் சட்டியை நிலத்தில் வைத்தாள், வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

"சரி. நான் இருக்கிறதாலதானே இவ்வளவும்? இப்பவே விடுறன். உங்களுக்கு முன்னாலயே சொல்றன், கேளுங்க."

அண்ணன் முறையில் நானா என்று அவள் அழைக்கும் பஹ்மியைக் கூப்பிட்டு, மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரிப் போனைக் கையில் பிடித்தாள்.

"நானா, நான் வேலையில இருந்து நிக்கிறன்."

பஹ்மி அங்கே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"வருத்தமான செய்திதான் தங்கச்சி. புடிச்சு வைக்க எனக்கேலா. ஆனா ஒண்டு செல்றன், பொறகு நானா செல்லல்ல எண்டு நினைக்காதீங்க. உங்கட இடத்துக்கு நான் ஆள் போடமாட்டன். பங்காளிமார் எப்பவோ கேக்கிறாங்க, அந்தப் பக்கத்தையும் செயலிட கையில உடுவம் எண்டு. தங்கச்சி இரிக்கிறா, அவ வாயால செல்லி ஊரச் சமாளிக்கிறா எண்டு நான்தான் தள்ளிக்கிட்டு வாறன். செயலிக்கு மதகும் தெரியா, வெத்திலையும் தெரியா. கூப்பிட்டா வாசலுக்குப் போகும். நான் கை வெச்ச வெத்திலைக்கு நான் என்ன பதில் செல்றது எண்டு எனக்கும் தெரியா. அல்லாட காவல்."

போனை வைத்துவிட்டுத் தமையனின் முகத்தைப் பார்த்தாள். அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திடுக்கிடவில்லை. கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு இது தெரியுமா அண்ணன்?"

"ம்."

"எப்ப தெரியும்?"

"வெத்திலை வச்ச அண்டைக்கே பஹ்மி சொன்னவர்."

"அதுக்குத்தானா வேலைய விடு எண்டு ஒருநாளும் நீங்க சொல்லல்ல?"

நல்லரத்தினம் நிமிர்ந்தார். வயது போன முகமாக இருந்தது.

"வேற என்னத்தச் செய்யச் சொல்ற? அந்த மரத்துக்குக் கீழ நிக்கிற அவ்வளவு பேரிட அடுப்பும் உன்ட வாயிலதான்கா எரியுது. அவனுகளுக்கு அது தெரியா. தெரியாமத்தான் உன்னத் திட்டுறானுகள். நீ அந்தக் கதிரைய விட்டு எழும்பினா, பிரதீஸுக்கு இடம் குடுக்க அங்க ஒரு ஸ்டாண்ட் இருக்காது. நீ எழும்பாட்டி, இப்ப அவனுக்கு இடம் குடுக்க எனக்கு ஏலாது. நான் எத்தினை தரம் யோசிச்சிப் பாத்திட்டன் தெரியுமா?"

படிக்க வைத்தது பாசம்தான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலையை விடு என்று சொல்லாததும் பாசம் என்று நம்பி, கறிச்சட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கண் கலங்கி வந்தாளே, அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழ வரவில்லை. பஹ்மிக்குத் திரும்ப எடுத்து, "நானா, நான் சொன்னத மறந்திருங்க" என்று சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள். வெளியே பிரதீஸ் தேசிக்காயை அறுத்து வேலிக்கு அப்பால் வீசுவது தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது, நிமிர்ந்து பார்க்காமல், அவன் கட்டார் என்ற சொல்லைச் சொன்னான். அவளும் சரியென்றாள்.

ஆட்டோவை ஓட்டமாவடியிலிருந்து ஒருவர் வந்து விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். கோழி இரண்டு நாள் பூவரசைச் சுற்றித் திரிந்துவிட்டு, விறகுக் கொட்டிலுக்குள் போய் முட்டையிட்டது.

பிரதீஸ் புறப்படுகிற அன்று வட்டையில் வெட்டு மெசின்களின் இரைச்சல் பெரிதாக இருந்தது. பொங்கல் முடிந்திருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தான். பிள்ளை வாசலில் நின்று கைகாட்டியதாம், பின்னேரம் கூட்டிப்போக வரச் சொன்னதாம். ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். விமான நிலையத்துக்கு ஓடத்தின் வான் ஒன்றை அஜந்தாவே ஒழுங்கு பண்ணியிருந்தாள். ஸ்டாண்ட் ஆட்டோவில் ஏறுவதில்லை என்பதில் அவன் பிடிவாதமாக இருந்தான்.

அவள் மேசையில் இருந்தபோது அழைப்பு வந்தது. யன்னலுக்கு வெளியே, முற்றத்தில் பெட்டியோடு நின்று பிரதீஸ்தான் போன் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஓடம்தானே மிஸ்? ஒரு ஆள், ஒரு பெட்டி. வாசலுக்கு வருமா?"

கடைசியாக ஒருமுறை சிரிக்க வைக்கப் பார்க்கிறான். அவளும் தன் வேலைக்குரலில்தான் தொடங்கினாள்.

"வாசலுக்கு வராது ஐயா. உங்களுக்குக் கிட்ட இருக்கிறது மதகடி. அங்க நடந்து..."

கருவியைக் கழற்றி வைத்தாள். செல்போனை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு அவனோடு நடந்தாள்.

சந்தியில் வாகை மரத்தின் கீழே நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தனோஜன் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றான். முறைக்கு முதலாவதாக நின்ற நல்லரத்தினம், ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து பெட்டிக்குக் கையை நீட்டினார். பிரதீஸ் யோசித்தான். பிறகு பெட்டியின் பிடியை விட்டான். அவர் அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மதகு வரைக்கும் நடந்தார். மதகடியில் இறக்கி வைத்துவிட்டு, "யசோ வர எண்டுதான் நிண்டவள், நான்தான் வெயிலெண்டு மறிச்சிட்டன்" என்று மட்டும் சொன்னார். பிரதீஸ் தலையாட்டினான். அவர் திரும்பிப் போகும்போது ஸ்டாண்டில் அவருடைய முறை போயிருந்தது.

இந்த மதகடிக்கு எத்தனையோ பேரை அனுப்பியவள் அஜந்தா. தான் வந்து நின்றது இதுதான் முதல் தரம். நிழலென்று அவள் எல்லாருக்கும் சொன்ன மருதமரத்தின் நிழல், காலையில் மறுபக்கத்து வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப் பயந்து இரண்டு பேரும் வயலையே பார்த்தார்கள்.

கையிலிருந்த போன் அடித்தது. வானைக் கொண்டு வருவது ஷாமில்.

"அக்கா, மதகடி ஹயர். ஆள் வந்து நிக்கிறாரா?"

அவள் பிரதீஸின் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி. நிக்கிறார்."

"கோவிக்க வாணாம் எண்டு செல்லுங்க அக்கா. பாலத்துல மாட்டுப் பட்டியொண்டு போகுது. நான் ஹோன் அடிச்சிட்டு, விலத்திக்கிட்டு வாறன்."

"அடிக்காதீங்க" என்றாள். "மாடு போகட்டும். மெல்ல வாங்க தம்பி, இஞ்ச ஒருத்தருக்கும் அவசரமில்ல."

சாரதி ஒருவனிடம் அவள் அப்படிச் சொன்னது அதுவரை நடந்ததில்லை. பிரதீஸ் பெட்டியைப் படுக்கப் போட்டு, அதன்மேல் ஓரமாக இருந்துகொண்டு, அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டான்.